மண்வெட்டியோடு ஒரு படை: ஆர்டென் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: டீகிர்ஷ்

லக்சம்பர்க் நகரத்திலிருந்து டீகிர்ஷுக்கு ரயிலில் வந்து சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. இந்த நாட்டில் 2020 மார்ச் முதல் ரயிலிலும் பேருந்திலும் இரண்டாம் வகுப்புக்குக் கட்டணம் கிடையாது; இருந்தாலும் பயணச்சீட்டு இல்லாமல் வண்டியேறிய உறுத்தல் எட்டெல்புரூக் சந்திப்பு வரை என்னை விடவில்லை.

இரண்டாம் உலகப் போரில் லக்சம்பர்க், பெல்ஜிய மலைக்காடுகளில் ஜெர்மானியர்களும் அமெரிக்கர்களும் மோதிய, 1944 டிசம்பர் 16 அன்று தொடங்கி 1945 ஜனவரி 25 வரை நடந்த ஆர்டென் போரைப் பற்றித் தளபதிகளின் பக்கத்திலிருந்தும் டாங்குகளின் பக்கத்திலிருந்தும் எழுதப்பட்டவை ஏராளம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பங்கேற்று, ஏறத்தாழ 19,000 பேர் உயிரிழந்த போர் இது. நான் தேடி வந்தது அதைவிடச் சிறிய செய்தி: முன்வரிசையில் கிடந்த ஒரு சாதாரணச் சிப்பாய் இருபத்துநான்கு மணி நேரத்தை எப்படிக் கழித்தான், எதைத் தின்றான், எங்கே படுத்தான், எந்த வேலைகளைச் செய்தான் என்பது. அதற்காகவே கூட்டம் கூடும் டிசம்பர் நினைவு விழாக்களைத் தவிர்த்துவிட்டு, பனி கிடக்கும் ஜனவரியில் வந்திருக்கிறேன்.

டீகிர்ஷில் உள்ள தேசிய இராணுவ வரலாற்று அருங்காட்சியகம் ஆளுயரப் பொம்மைகளால் காட்சிகளை அமைத்திருக்கிறது. 1945 ஜனவரி 18 இரவில் இவ்வூரை ஒட்டி ஓடும் சௌவர் ஆற்றைக் கடந்த ஐந்தாம் காலாட்படை டிவிஷன் என்ற அமெரிக்கப் பெரும்படைப்பிரிவின் வீரர்கள், வெள்ளைத் துணி போர்த்திப் படகைத் தள்ளும் காட்சியின் முன் பலரும் நின்று படமெடுத்தார்கள். என்னை நிறுத்தியவை கே ரேஷன் பெட்டியும் மடக்கு மண்வெட்டியும்.

கே ரேஷன் என்பது ஒரு வேளைக்கு ஒரு பெட்டி. உடற்செயலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் முன்னின்று உருவாக்கிய இந்த உணவு சில நாள்களைச் சமாளிப்பதற்காகத் திட்டமிடப்பட்டது. முன்வரிசையிலோ வாரக்கணக்கில் அதுவே சாப்பாடாயிற்று. காலைப் பெட்டியில் முட்டையும் இறைச்சியும் கலந்து அடைத்த சிறு டப்பா, பகலில் பாலாடைக்கட்டி, இரவில் இறைச்சி. ஒவ்வொன்றிலும் பிஸ்கட்டும் சூயிங்கமும் நான்கு சிகரெட்டுகளும் இருந்தன. கூடவே கொடுத்த எலுமிச்சைத் தூளின் புளிப்பைத் தாங்க முடியாமல் பெரும்பாலோர் வீசியெறிந்தார்கள். அந்த வேளை உணவின் வைட்டமின் சி முழுவதும் அந்தப் பொடியில்தான் இருந்தது என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. ஆனால் மெழுகு பூசிய உள் அட்டைப்பெட்டியை யாரும் வீசவில்லை. அதைக் கொளுத்தினால் அதிகம் புகையாமல் மெதுவாக எரிந்து, ஒரு குவளைக் காப்பியைச் சுடவைத்துவிடும். புகை தெரிந்த இடத்தில் குண்டு விழும் என்ற நிலையில், உணவைவிட அதன் பெட்டிக்கு மதிப்பு கூடியதில் வியப்பில்லை.

அவசரத்துக்கென்று தனியாக ஒரு சாக்லேட் கட்டியும் உண்டு. அறுநூறு கலோரி தரும் அதைச் செய்த ஹெர்ஷி நிறுவனத்திடம் இராணுவம் கேட்டுக்கொண்டது, வேகவைத்த உருளைக்கிழங்கைவிடச் சற்றே மேலான சுவை போதும் என்பதாகும். சுவையாக இருந்தால் பசிக்கும் முன்பே தின்றுவிடுவான் என்று சிப்பாயை நன்றாகப் புரிந்துகொண்டு போட்ட நிபந்தனை அது.

இரண்டாம் நாள்: கிளெர்வோ, ஹோசிங்கன், வில்ட்ஸ்

காலையில் கிளெர்வோ. கோட்டை முற்றத்தில் ஒரு ஷெர்மன் டாங்கு நிற்கிறது. 1944 டிசம்பர் தொடக்கத்தில் இந்த ஊர் ஓய்வு முகாமாக இருந்தது. ஹூர்ட்கன் காட்டில் நவம்பர் மாதத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொல்லப்பட்டும் காயமுற்றும் காணாமலும் இழந்த 28ஆம் டிவிஷனை, இளைப்பாறட்டும் என்று அமைதியான இந்த முனைக்கு அனுப்பியிருந்தார்கள். முறைவைத்து இரண்டொரு நாள் விடுப்பில் இறங்கி வந்த சிப்பாய்க்கு இங்கே கிடைத்தவை வெந்நீர்க் குளியல், சலவை செய்த உடை, ஒரு திரைப்படம், தட்டில் பரிமாறிய சூடான உணவு. வாரக்கணக்கில் கழற்றாத உள்ளாடையைக் கொடுத்துவிட்டு வேறொருவன் அணிந்து துவைத்த உள்ளாடையைப் பெற்றுக்கொள்வதே வழக்கம். தனக்கென்று சொந்த உடை என ஒன்று இல்லாத அந்த வாழ்க்கையில், அளவு சரியாக அமைவதே பெரிய பேறு.

அங்கிருந்து ஹோசிங்கனுக்குச் சென்றேன். ஊர் (Our) என்ற பெயருடைய எல்லை ஆற்றுக்கு இணையாக மலைமுகட்டின் மேல் ஓடும் நெடுஞ்சாலைக்கு அமெரிக்கர்கள் ‘ஸ்கைலைன் டிரைவ்’ என்று பெயரிட்டிருந்தார்கள். அந்த ஆற்றின் அக்கரையில் தொடங்கும் ஜெர்மன் மண்ணுக்கு எதிரே, 28ஆம் டிவிஷனின் 110ஆம் ரெஜிமென்ட் இந்த முகட்டுக் கிராமங்களில் சிறுசிறு அணிகளாகச் சிதறிக் கிடந்தது. தொடர்ச்சியான அகழிக்கோடு ஏதும் இல்லை. ஒரு கிராமத்தில் ஒரு கம்பெனி, அடுத்த கிராமத்தில் இன்னொன்று, இடையே வெறும் வயல். பகலில் ஆற்றோரம் சில காவலர்கள் இருப்பார்கள். இருட்டியபின் முகட்டுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட சரிவு யாருக்கும் சொந்தமில்லாத நிலமாகிவிடும், அங்கே இரு தரப்பு ரோந்துகளும் உலவும்.

அமைதியான முனை என்ற சொல்லைக் கேட்டுச் சும்மா இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. விடியுமுன் அனைவரும் எழுந்து துப்பாக்கியோடு நிலைகளில் நிற்பார்கள். அதன்பின் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்தல், முகச்சவரம், தண்ணீர் சுமத்தல், விறகு பொறுக்குதல், மலக்குழி வெட்டுதல், முள்கம்பி கட்டுதல் என்று பகல் கழியும். தொலைபேசிக் கம்பிகளைக் காப்பவர்களின் வேலை எல்லாவற்றிலும் கடுமையானது. தரையில் போட்ட கம்பி ஒரு குண்டு விழுந்தாலும் அறுந்துவிடும், சொந்த டாங்கு ஏறினாலும் அறுந்துவிடும். அறுந்த இடம் எதுவென்று தெரியாததால், கம்பியைக் கையில் பிடித்தபடி இருட்டில் நடந்துபோய், அது கைவிட்டுப் போகும் இடத்தில் மண்டியிட்டுத் தடவி மறுமுனையைக் கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் குழிக்குள் பதுங்கும் நேரமே இவர்கள் வெளியே போகும் நேரம்.

ஹோசிங்கனின் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் அன்றைக்குக் காவலிருந்தவன் டிசம்பர் 16 விடியுமுன் ஆற்றுக்கு அப்பால் ஊசிமுனை போன்ற வெளிச்சப் புள்ளிகள் ஒரே கணத்தில் தோன்றியதைக் கண்டு தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோதே குண்டுகள் வந்து விழுந்தன. அந்த வெளிச்சங்கள் ஜெர்மன் பீரங்கிகளின் வாய்த்தீ. போரின் தொடக்கம் என்று நூல்கள் குறிக்கும் நொடி, ஒரு காவற்காரனின் வழக்கமான அறிக்கையாகத்தான் முதலில் பதிவாயிற்று.

இருட்டும் வேளையில் வில்ட்ஸ் வந்தேன். 28ஆம் டிவிஷனின் தலைமையிடம் இருந்த ஊர். ஆக்கிரமிப்புக் காலத்தில் நின்றுபோன புனித நிக்கோலஸ் விழாவை ஊர்க் குழந்தைகளுக்குத் திருப்பித் தரலாம் என்று செய்தித்தொடர்புப் பிரிவினர் எண்ணி, தங்கள் ரேஷனிலிருந்து இனிப்புகளைச் சேர்த்தார்கள். 1944 டிசம்பர் 5 அன்று ரிச்சர்ட் புரூக்கின்ஸ் என்ற கார்ப்பரல், பாதிரியாரின் அங்கியையும் கயிற்றால் செய்த தாடியையும் அணிந்து, இரு பக்கமும் தேவதை வேடமிட்ட சிறுமியருடன் ஜீப்பில் ஊர்வலம் வந்தார். இன்றும் இவ்வூரில் அதை நினைவுகூர்ந்து கொண்டாடுகிறார்கள். அந்த மாலைக்குப் பதினொரு நாள் கழித்துத்தான் மேலே சொன்ன வெளிச்சங்கள் தெரிந்தன.

மூன்றாம் நாள்: ஃபுவா, ஜாக் காடு

வாடகைக் காரில் எல்லை தாண்டி பெல்ஜியத்துக்குள் வந்தேன். பாஸ்டோனுக்கு வடகிழக்கே ஃபுவா என்ற சிற்றூர். அதற்கு மேலே ஊசியிலை மரங்கள் அடர்ந்த ஜாக் காடு. அமெரிக்காவின் 101ஆம் வான்குடைப் படையினர் வெட்டிய குழிகள் எண்பது ஆண்டுக்குப் பிறகும் இங்கே தெரிகின்றன. சருகும் பாசியும் நிறைந்து, இடுப்பளவு ஆழம் முழங்காலளவாகத் தூர்ந்துவிட்டாலும், வரிசை தவறாமல் மரங்களுக்கிடையே நீண்டு செல்கின்றன.

பதுங்குகுழி என்ற சொல்லைக் கேட்டதும் ஈழத்தில் வாழ்ந்தவர்களுக்கு வீட்டு முற்றத்தில் மரக்குற்றி அடுக்கி மண் மூடிய குழி நினைவுக்கு வரும். இங்கிருப்பவை அவ்வளவு விசாலமானவை அல்ல. இருவர் முழங்காலை மடக்கி உட்காரலாம், ஒருவர் சுருண்டு படுக்கலாம், அவ்வளவே. ஒரு குழிக்குள் இறங்கி உட்கார்ந்து பார்க்க எண்ணினேன். நினைவிடத்தில் அப்படிச் செய்வது முறையல்ல என்று தோன்றியதால் கரையிலேயே குந்திக்கொண்டேன்.

வெட்டுவதற்கு அவர்களிடம் இருந்தது நேற்று முன்தினம் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த அந்த மடக்கு மண்வெட்டி. அலகை நேராகப் பூட்டினால் மண்வாரி, செங்குத்தாகப் பூட்டினால் களைக்கொத்து. உறைந்த மேல்மண் கல்லைப்போல் இறுகியிருக்கும்; அதை உடைத்துவிட்டால் அடியில் ஈரமண், அதற்கும் கீழே வேர்கள். சில இடங்களில் வெடிமருந்து வைத்து மேற்பரப்பை உடைத்திருக்கிறார்கள். வெட்டி முடித்த குழிக்கு மரக்கட்டைகளால் கூரை போடுவது கட்டாயம். காட்டில் வரும் குண்டு தரையில் விழுவதற்கு முன் மர உச்சியில் பட்டு வெடித்து, இரும்புச் சில்லோடு மரச்சிராய்களையும் மேலிருந்து கொட்டும்; திறந்த குழி அதற்கு எதிராக ஒன்றும் செய்யாது. இவ்வளவும் செய்து முடித்தபின், நூறு மீட்டர் முன்னே நகருங்கள் என்று கட்டளை வரும். அங்கே மறுபடியும் முதலிலிருந்து வெட்ட வேண்டும். காலாட்படைக்காரன் சுட்ட நேரத்தைவிட வெட்டிய நேரமே மிகுதி என்பதை இந்தக் காட்டில் ஒரு மணி நேரம் நடந்தாலே கண்ணால் எண்ணிப் பார்த்துவிடலாம்.

இரவில் ஒரு குழிக்கு இருவர். இரண்டு மணி நேரம் ஒருவன் விழித்திருப்பான், மற்றவன் உறங்குவான்; பிறகு மாற்றிக்கொள்வார்கள். உறங்குபவன் பூட்ஸைக் கழற்றினால் காலையில் அது உறைந்து காலில் ஏறாது. கழற்றாவிட்டால் பாதம் அழுகும். ட்ரெஞ்ச் ஃபுட் என்ற அந்த நோய் குளிரும் ஈரமும் சேர்ந்து பாதத்தின் இரத்த ஓட்டத்தை நிறுத்துவதால் வருவது. முதலில் மரத்துப்போகும், பிறகு வீங்கிக் கறுக்கும், முற்றினால் விரல்களையோ பாதத்தையோ வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அந்த இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலுமாக ஐரோப்பிய முனையில் 45,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் குளிரால் வந்த இத்தகைய பாதிப்புகளுக்காக மருத்துவமனை சேர்ந்தார்கள். மூன்று டிவிஷன்களுக்கு நிகரான எண்ணிக்கை அது. ஈரம் புகாத குளிர்காலக் காலணிகள் முன்வரிசைக்கு வந்து சேர்ந்ததோ மிகத் தாமதமாக.

இதற்கு இராணுவம் கண்ட மருந்து, ஒரு ஜோடி உலர்ந்த காலுறை. ஒவ்வொரு நாளும் ஒருவர் பாதத்தை மற்றவர் கைகளால் தேய்த்துவிட்டு, காலுறை மாற்ற வேண்டும் என்பது கட்டளை. கழற்றிய ஈரக் காலுறையைச் சட்டைக்குள் மார்போடு ஒட்டி வைத்தால் உடற்சூட்டில் மறுநாளைக்குக் காய்ந்துவிடும். பல கம்பெனிகளில் இரவில் உணவோடு சேர்த்தே காலுறையும் வந்தது. வீரம் என்ற சொல்லோடு இந்தக் காட்சியை நாம் இணைத்துப் பார்ப்பதில்லை: பெயர் மட்டும் தெரிந்த ஒருவனின் கறுத்த பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டில், பேச்சில்லாமல் பத்து நிமிடம் தேய்க்கும் இன்னொருவன்.

சூடான உணவு வந்தால் இருட்டியபின்னும் விடியுமுன்னும்தான். பின்னாலிருக்கும் கம்பெனிச் சமையலறையிலிருந்து வெப்பம் காக்கும் பெரிய பாத்திரங்களில் ஜீப்பில் ஏற்றி, ஜீப் போகாத இடத்துக்கு ஆட்கள் சுமந்து வருவார்கள். சாப்பிடப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் ஐந்து கஜ இடைவெளி விட்டு நிற்க வேண்டும், ஒரே குண்டில் பலர் சாகாதிருக்க. தட்டில் விழுந்த குழம்பு குழிக்குத் திரும்புவதற்குள் உறைந்துவிடும் என்பதால் பலர் நின்ற இடத்திலேயே விழுங்கினார்கள். இயற்கை உபாதைக்கு இரவில் குழியைவிட்டு ஏறுவது இரு பக்கத்துத் துப்பாக்கிக்கும் இலக்காவதாகும். காலி ரேஷன் பெட்டியோ ஹெல்மெட்டோ அந்த வேலைக்கும் உதவியது. அதே ஹெல்மெட்டில்தான் காலையில் பனியை உருக்கி முகம் கழுவினார்கள் என்பதை விரிக்காமல் விடுகிறேன்.

காவலில் இருப்பவனுக்குக் கடவுச்சொல் தினமும் மாறும். அமெரிக்கச் சீருடையணிந்து ஆங்கிலம் பேசும் ஜெர்மானியர்கள், அதாவது ஜெர்மன் அதிரடிப்படை அதிகாரி ஸ்கோர்செனியின் ஆட்கள், ஊடுருவிவிட்டார்கள் என்ற செய்தி பரவியபின் கடவுச்சொல்லும் போதவில்லை. பேஸ்பால் அணிகள், மாநிலத் தலைநகரங்கள் என்று கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அமெரிக்கத் தளபதி பிராட்லியையே நிறுத்திய ஒரு காவலன் இல்லினாய் மாநிலத்தின் தலைநகர் எது என்று கேட்டான். அவர் ஸ்பிரிங்ஃபீல்ட் என்று சரியாகச் சொல்ல, சிகாகோ என்று நம்பியிருந்த காவலன் அவரை விடத் தயங்கினானாம்.

காட்டைவிட்டு வெளியே வந்து காரின் சூடேற்றியைப் போட்டுக்கொண்டு கைகளை விரித்துக் காட்டியபோது சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

நான்காம் நாள்: பாஸ்டோன், எம்ரூல்

பாஸ்டோனின் சதுக்கத்தில், முற்றுகைக்குள் சிக்கிய அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய தளபதி மக்ஆலிஃபின் சிலையும் ஒரு டாங்கும் உண்டு. சரணடையச் சொன்ன ஜெர்மன் கடிதத்துக்கு டிசம்பர் 22 அன்று அவர் ‘நட்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லில், ஏளனமாக மறுக்கும் அமெரிக்கக் கொச்சையில், பதிலனுப்பிய கதை இங்கே கடைக்குக் கடை குவளைகளிலும் சட்டைகளிலும் விற்பனையாகிறது. நான் அதைக் கடந்து செல்கிறேன்.

முற்றுகைக்குள் அன்றாடம் எப்படி நடந்தது என்பதே என் அக்கறை. ஏழு சாலைகள் கூடும் ஊர் ஜெர்மானியர்களால் சூழப்பட்டபின், பீரங்கி ஒன்றுக்கு நாளொன்றுக்குப் பத்துக் குண்டுகள்தாம் என்ற அளவுக்குக் கையிருப்பு சுருங்கியது. கைவிடப்பட்ட கிடங்குகளைத் துழாவியதில் செஞ்சிலுவைச் சங்கம் இனிப்பு வடை சுடுவதற்காக வைத்திருந்த மாவு கிடைக்க, அது தோசைபோல் வார்க்கப்பட்டுப் பல வேளை உணவாயிற்று. இன்னொரு கிடங்கில் இரண்டாயிரம் சாக்குகள் அகப்பட்டன. அவற்றை உடனே முன்வரிசைக்கு அனுப்பி, பூட்ஸின் மேல் சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். டிசம்பர் 23 அன்று வானம் தெளிந்ததும் 241 விமானங்கள் வந்து பொருள்களை வான்குடையில் இறக்கின. குண்டும் மருந்தும் எடுத்துக்கொண்டபின் வான்குடைத் துணியையும் விடவில்லை. காயமுற்றோருக்கு அது போர்வையாயிற்று.

காயமுற்றோரின் நிலை மோசமாக இருந்தது. வான்குடைப் படையின் மருத்துவக் கம்பெனியை ஜெர்மானியர்கள் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த மருத்துவ உதவியாளன் துப்பாக்கி ஏந்துவதில்லை. அவனிடம் காயத்தில் தொற்றைத் தடுக்கும் சல்ஃபா பொடி, கட்டுத்துணி, பற்பசைக் குழாய் போன்ற, வலி போக்கும் சிறு மார்ஃபின் ஊசிகள் இருக்கும். உறைந்துவிடாமல் அந்த ஊசிகளை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு திரிவான். போட்டு முடித்த ஊசியைக் காயமுற்றவனின் கழுத்துப்பட்டியில் குத்திவிடுவது வழக்கம்; அடுத்த இடத்தில் பார்ப்பவர் மறுபடி மருந்து போட்டு ஆளைக் கொன்றுவிடக் கூடாதே.

நெஃப்ஷத்தோ சாலையில் கள மருத்துவ நிலையம் இருந்த இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. டிசம்பர் 24 இரவில் விழுந்த குண்டில் சுமார் முப்பது காயமுற்ற வீரர்களோடு, தானாக முன்வந்து பணியாற்றிய உள்ளூர்ச் செவிலி ரெனே லெமேரும் இறந்தார். பக்கத்துக் கட்டடத்தில் இருந்த இன்னொரு செவிலி, ஆப்பிரிக்காவில் பிறந்த ஒகுஸ்தா ஷீவி, தூக்கியெறியப்பட்டும் உயிர்பிழைத்துத் தொடர்ந்து பணிசெய்தார். அவரது பெயர் வெளியுலகுக்குத் தெரிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதை இங்கே எழுதியே ஆகவேண்டும்.

மாலையில் எம்ரூல் சென்றேன். ஒரு தேவாலயம், சில பண்ணைவீடுகள். பனிமேல் கறுப்பாகத் தெரிந்த தன் ஆட்களை மறைக்க வழியின்றி, மேஜர் ஜான் ஹான்லன் இவ்வூராரிடம் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் கேட்டார். தேவாலய மணியை அடித்து மக்களைக் கூட்டி, வீட்டுக்கு வீடு விரிப்புகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். அவற்றைக் கிழித்து ஹெல்மெட்டுக்கு உறை, துப்பாக்கிக்குச் சுற்று, ஆளுக்குப் போர்வை எனப் பயன்படுத்தினார்கள். திருப்பித் தருவேன் என்று சொல்லிச் சென்ற ஹான்லன், 1948இல் தம் சொந்த ஊரான மாசசூசெட்ஸ் மாநிலத்து வின்செஸ்டரில் மக்கள் கொடுத்த விரிப்புகளோடு வந்து அதே தேவாலய முற்றத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்தார். போர்க்காலத்து இரவல் ஒன்று இப்படிக் கணக்குத் தீர்ந்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஐந்தாம் நாள்: ஹாம், சண்ட்வைலர்

மீண்டும் லக்சம்பர்க். நகரின் ஓரத்திலுள்ள ஹாம் கல்லறைத் தோட்டத்தில் 5,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்க மூன்றாம் படையை நடத்திய தளபதி பேட்டனும் இங்கேதான். அவர் கல்லறையைக் காண வருவோர் கூட்டத்தால் அக்கம்பக்கத்துப் புல்லெல்லாம் மிதிபட்டுப்போகவே, வரிசையிலிருந்து பிரித்து முன்னால் தனியே வைத்துவிட்டார்கள். நான் பின் வரிசைகளில் நடந்தேன். இருபத்திரண்டு ஜோடிச் சகோதரர்கள் அருகருகே கிடக்கிறார்கள். கற்களில் பெயர், பதவி, படைப்பிரிவு, மாநிலம், இறந்த நாள் இருக்கின்றன; பிறந்த நாள் இல்லை. வயதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 50 டாலர். கடல் கடந்து பணியாற்றியதால் அது 60 ஆயிற்று. வீட்டுக்குக் கடிதம் எழுதத் தபால்தலை வேண்டாம், உறையின் மூலையில் இலவசம் என்று எழுதினால் போதும். ஆனால் அவனது கம்பெனி அதிகாரியே ஒவ்வொரு கடிதத்தையும் படித்து, இடப்பெயர்களை வெட்டிய பிறகுதான் அது போகும். இளம் அதிகாரிகளுக்குப் பிடிக்காத வேலைகளில் இதுவும் ஒன்று. தன்கீழ் உள்ளவன் மனைவிக்கு எழுதியதைப் படித்துவிட்டு மறுநாள் அவனையே ரோந்துக்கு அனுப்ப வேண்டும்.

இறந்தவர்களின் இடத்துக்குப் புதியவர்கள் தனித்தனியாக வந்தார்கள். படைப்பிரிவு முழுவதையும் பின்னுக்கு இழுத்து ஓய்வு கொடுக்காமல், குறைந்த எண்ணிக்கையை மட்டும் நிரப்பும் முறை அது. இரவில் டிரக்கில் வந்து இறங்கி, இருட்டில் யாரோ காட்டிய குழிக்குள் இறங்கியவன், பக்கத்திலிருப்பவனின் முகத்தைப் பார்க்குமுன் இறந்துபோனதும் உண்டு. அடையாளம் சொல்ல அப்போது கழுத்துத் தகடுகள்தாம். இரண்டு தகடுகள்: ஒன்று உடலோடு புதையும், மற்றது தற்காலிகக் கல்லறைக் குறியில் அறையப்படும். அந்த வேலைக்கென்றே இருந்த கல்லறைப் பதிவுக் கம்பெனி ஒன்று 1944 டிசம்பர் 29 அன்று ஹாமில் முதல் குழிகளை வெட்டத் தொடங்கியது. உறைந்த மண், அதே குளிர்.

அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள சண்ட்வைலருக்கு நடந்தே போனேன். அது ஜெர்மன் கல்லறைத் தோட்டம். கருங்கல் சிலுவைகள், மரநிழல், ஒரு பார்வையாளரும் இல்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கிடக்கிறார்கள். போர் நடந்துகொண்டிருந்தபோதே அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை எடுத்துவந்து, குழி வெட்டிப் புதைத்து, பெயர் தெரிந்தவரைக்கும் பெயரெழுதி வைத்தவர்களும் அமெரிக்கப் படையின் கல்லறைப் பதிவுப் பிரிவினர்தாம்.